பொருந்தும் சார்!

(முன்னாள் மாணவர் சந்திப்பின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் போன் செய்து, "மின்சாரக் கார் பற்றி ஏதாவது பேசுங்கள், பசங்களுக்கு உபயோகமாக இருக்கும்" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் யோசித்தேன். பாட்டரி, மோட்டார் பற்றியெல்லாம் என்னைவிட இங்கே உட்கார்ந்திருக்கும் மூன்றாம் ஆண்டு மாணவனுக்கு அதிகம் தெரியும். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பழைய மின்சாரக் கார். அதிலும் அதன் இடது பக்க முன் மட்கார்டு. அதில் நான் செய்த ஒரு தப்பு. அதைப் பற்றியே பேசுகிறேன். இருபது நிமிஷம் பொறுத்துக் கொள்ளுங்கள்.

நான் பொன்மலைக்காரன். ரயில்வே காலனியில் பிறந்து, பட்டறைச் சங்கு ஊதினால் மணி என்ன என்று சொல்லி வளர்ந்தவன். நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பட்டறை 1928 வாக்கில் பொன்மலைக்கு வந்தது. என் அப்பா அங்கே ஃபிட்டர். நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சின்கள் பெரிய பராமரிப்புக்கு மலையிலிருந்து இறங்கி அங்கேதான் வரும். அப்பா அதைப் பற்றிச் சொல்லும்போது, "நம்ம வீட்டுப் பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கு" என்பார்.

ஒரு நாள் அவர் இரண்டு போல்ட்டை என் கையில் கொடுத்தார். நான் அப்போது எட்டாவது. "ரெண்டும் ஒண்ணா பாரு" என்றார். பார்த்தேன். "ஒண்ணுதான்பா" என்றேன். ஒன்று அரை அங்குல விட்வொர்த். விட்டம் 12.7 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 12 இழை. இன்னொன்று மெட்ரிக் 12, இழைக்கு இழை 1.75 மில்லிமீட்டர். நாட்டில் மெட்ரிக் முறைக்கு 1956லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் பட்டறையில் அங்குலமும் மில்லிமீட்டரும் பங்காளிகள் மாதிரி ஒரே கூரையின் கீழ் ரொம்ப வருஷம் குடித்தனம் நடத்தின. ஒன்றின் நட்டை இன்னொன்றில் மாட்டச் சொன்னார். இரண்டு சுற்றுப் போனது, பிறகு இறுகியது. "பொருந்திடுச்சுப்பா!" என்றேன். அப்பா சிரித்தார். "இறுகிடுச்சுடா. பொருந்தறது வேற, இறுகறது வேற. இன்னும் ஒரு சுத்து திருப்பினா இழை போயிடும்" என்றார்.

அன்றைக்குப் புரிந்த மாதிரி இருந்தது. நிஜமாகப் புரிவதற்கு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

இப்போது காருக்கு வருகிறேன். இந்தியாவில் மின்சாரக் கார் ஏதோ நேற்று வந்தது என்று மாணவர்கள் நினைக்கிறீர்கள். பெங்களூரில் மைனி குழுமமும் ஓர் அமெரிக்கக் கம்பெனியும் சேர்ந்து 1994இல் தொடங்கிய நிறுவனம் 2001இல் 'ரேவா' என்ற சின்னக் காரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. நீளம் சுமார் 2.6 மீட்டர்தான். இரண்டு கதவு. ஆறு வோல்ட் ஈய அமில பாட்டரி எட்டு, ஆக 48 வோல்ட். கிளட்ச் கிடையாது, கியர் மாற்றும் வேலை கிடையாது. ஒரு தடவை சார்ஜ் செய்தால் 80 கிலோமீட்டர் என்றார்கள். 2004இல் இதே கார் 'ஜி-விஸ்' என்ற பெயரில் லண்டன் தெருவில் ஓடியது. பிறகு டி.சி. மோட்டாருக்குப் பதில் ஏ.சி. மோட்டார் வைத்த 'ரேவா ஐ' வந்தது. 2010இல் மஹிந்திரா நிறுவனம் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. 2013இல் 'இ2ஓ' வந்தது, நீளம் 3.3 மீட்டருக்குக் கிட்டத்தட்ட. 2016இல் நான்கு கதவுடன் 'இ2ஓ பிளஸ்', 3.6 மீட்டர். 2019இல் அதுவும் நின்றுவிட்டது. கொள்ளுத் தாத்தாவிலிருந்து கொள்ளுப் பேரன் வரை ஒரு வம்சமே பதினெட்டு வருஷத்தில் முடிந்தது.

இந்த வம்சத்துக்கு ஒரு குடும்ப ஜாடை உண்டு. உள்ளே எஃகுச் சட்டம், அதுதான் எலும்பு. வெளியே ஏபிஎஸ் பிளாஸ்டிக் பேனல், அதுதான் தோல். தகரம் மாதிரி ஒடுக்கு விழாது. நிறமும் பிளாஸ்டிக்கிலேயே கலந்தது, மேலே பூசியது அல்ல. தட்டினால் வளைந்து திரும்பிவிடும். ஆனால் ஒரு அளவுக்கு மேல் போனால் ஒடியும். ஒடிந்தால் நம் டிங்கரிங் ஆட்கள் கை வைக்க முடியாது. சுத்தியலுக்கு அங்கே வேலை இல்லை. வேறு பேனல்தான் வேண்டும்.

ஸ்ரீரங்கத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். பெயர் வேண்டாம், டீச்சர் என்றே சொல்கிறேன். அவருக்கு முழங்கால் வலி, கிளட்ச் மிதிக்க முடியாது. பெங்களூரில் இருந்த தம்பி தன்னுடைய 2006ஆம் வருஷத்து ரேவாவை அக்காவுக்குக் கொடுத்துவிட்டார். ஸ்ரீரங்கத்து வீதிகளுக்கு அதைவிடப் பொருத்தமான கார் கிடையாது. தேர் நிலைக்குப் பக்கத்தில்கூட நிறுத்தலாம். 2018 பிப்ரவரியில் ஒரு ஷேர் ஆட்டோ பின்னால் எடுக்கும்போது இடது முன் மட்கார்டு ஒடிந்தது. "தம்பி, நீதான் பாக்கணும்" என்று என் பட்டறைக்கு அனுப்பினார்.

அந்த மாடல் நின்று வருஷக்கணக்காகிவிட்டது. புதுப் பேனலுக்கு அலைந்து பார்த்தேன், கிடைக்கவில்லை. கடைசியில் வெளியூரில் பழைய கார் உடைத்து விற்கும் ஒருவர் அகப்பட்டார். "பின்னால வந்த மாடலோட மட்கார்டு இருக்கு சார். எல்லாம் ஒண்ணுதான். பொருந்தும் சார்" என்றார். பணம் அனுப்பினேன். பார்சல் பஸ்ஸில் சாக்கு சுற்றி வந்து சேர்ந்தது.

வைத்துப் பார்த்தேன். பார்வைக்கு அப்படியே இருந்தது. இரண்டு துளை சரியாக உட்கார்ந்தது. மூன்றாவது துளை ஆறேழு மில்லிமீட்டர் தள்ளி நின்றது. நான்காவது இன்னும் தள்ளி. பம்பர் ஓரம் இடித்தது. உடனே என் மூளை தீர்ப்புச் சொல்லிவிட்டது: "பின்னால் வந்த மாடல் அல்லவா, மாற்றியிருப்பார்கள்." அவ்வளவுதான். புதுத் துளை போட்டேன். இடித்த ஓரத்தை அறுத்தேன். போல்ட்டை இறுக்கினேன். பழைய பேனல் நிறமும் இதன் நிறமும் வேறு, வெயிலில் வெளுத்தது வேறு, அதனால் பெயிண்ட் அடித்தேன். டீச்சர் வந்து பார்த்து, "புதுசு மாதிரி இருக்கேப்பா" என்றார். எனக்கும் பெருமைதான்.

மே மாதம் முதல் வாரம் போன் வந்தது. உத்திர வீதியில் திரும்பும்போது மட்கார்டு துளை அருகே பிளந்து, ஓரம் டயரில் மாட்டி, பேனல் பாதி பிய்ந்து வெளியே நீட்டிக்கொண்டது. பக்கத்தில் சைக்கிளில் வந்த ஒரு பையன் மேல் பட்டு அவன் விழுந்தான். முழங்காலில் நான்கு தையல். நல்ல வேளை, அதோடு போயிற்று. பின்னால் ஒரு பஸ் வந்திருந்தால்? அந்த 'இருந்தால்' என்னைப் பல ராத்திரி தூங்கவிடவில்லை.

பையன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவரும் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அளந்து பாத்தியாப்பா?"

பொறியியல் பட்டம் வாங்கி முப்பத்தைந்து வருஷம். நான் பதில் சொல்லவில்லை. அளக்கவில்லை என்பதுதான் பதில்.

காரைத் திரும்பக் கொண்டுவந்து, முதல் வேலையாக பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, முன்பக்கத்தை மொத்தமாகப் பிரித்தேன். இந்தத் தடவை அரத்தையும் டிரில்லையும் தொடவில்லை. டேப்பும் தூக்குநூலும் எடுத்தேன். சட்டத்துக்கு நடுக்கோடு போட்டு, இடது பக்கத்துப் பிராக்கெட்டுகளும் வலது பக்கத்துப் பிராக்கெட்டுகளும் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதினேன். குறுக்கு மூலைகளை அளந்தேன்.

வலது பக்கம் ஒழுங்கு. இடது பக்கப் பிராக்கெட் ஒன்பது மில்லிமீட்டர் பின்னால் தள்ளி இருந்தது. கிட்டத்தில் பார்த்தால் பழைய வெல்டிங் தழும்பு. டீச்சரிடம் வருவதற்கு முன்பே எப்போதோ இடிபட்டு யாரோ அவசரத்தில் ஒட்டியிருக்கிறார்கள். அதற்குப் பழைய மட்கார்டை இழுத்துப் பிடித்து மாட்டியிருக்கிறார்கள்.

ஆக, வந்த பேனல் சரியாகத்தான் இருந்தது. தப்பு காரில் இருந்தது. நான் நல்லதை அறுத்துக் கெட்டதுக்குப் பொருத்தினேன். 'மாடல் வேறு' என்ற ஒரு காரணம் கையில் தயாராக இருந்ததால் இரண்டாவது காரணத்தைத் தேடவே இல்லை. தம்பிகளே, நம் தொழிலில் ரொம்ப ஆபத்தான பொருள் எது என்று கேட்டால் ஆசிட் என்பீர்கள், ஹை வோல்டேஜ் என்பீர்கள். நான் சொல்வேன், கையில் தயாராக இருக்கும் காரணம்.

பிளந்தது ஏன் என்பது இன்னொரு பாடம். வெப்பத்தில் ஏபிஎஸ் பிளாஸ்டிக் எஃகைவிட ஆறேழு மடங்கு அதிகம் நீளும். எண்பது சென்டிமீட்டர் பேனலை வைத்துக் கொள்ளுங்கள். நம்மூர் விடியற்காலைக்கும் சித்திரை மாத மத்தியான வெயிலில் நிற்கும் பேனலுக்கும் நாற்பது டிகிரி வித்தியாசம் சாதாரணம். பிளாஸ்டிக் இரண்டரை மில்லிமீட்டர் நீளும். அடியில் இருக்கும் எஃகு அரை மில்லிமீட்டர்கூட நீளாது. இதற்காகத்தான் இந்த மாதிரிப் பேனல்களில் ஒரு துளை வட்டமாகவும் மற்றவை நீள்வட்டமாகவும் இருக்கும். ஒரு இடத்தில் பிடி, மற்ற இடத்தில் நகர விடு என்று அர்த்தம். நானோ வட்டத் துளை போட்டு, நான்கையும் இறுக்கினேன். போதாததற்கு அறுத்த ஓரத்தில் கூர்மையான மூலை விட்டேன். விரிசல் எங்கே தொடங்கலாம் என்று காத்திருக்கும், நான் இடம் காட்டிக் கொடுத்தேன். தினமும் வெயில் வந்து இழுத்தது, ராத்திரி வந்து விட்டது. மூன்று மாதம் தாங்கியதே அதிசயம்.

அப்பாவின் வார்த்தை அப்போதுதான் காதில் விழுந்தது. பொருந்தறது வேற, இறுகறது வேற.

என்ன செய்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். பிராக்கெட்டை வெட்டி எடுத்து, வலது பக்க அளவைக் கண்ணாடிப் பிம்பமாக எடுத்து, ஒன்பது மில்லிமீட்டர் முன்னால் வைத்து வெல்டிங் செய்தேன். வேறு பேனல் கிடையாது. அறுத்துப் போட்ட துண்டுகள் பட்டறை மூலையில் கிடந்தன. அவற்றைத் தூளாக்கி அசிடோனில் கரைத்தால் கெட்டியான குழம்பாகும். ஏபிஎஸ்ஸுக்கு ஏபிஎஸ்ஸே பசை. விரிசலின் இரண்டு முனையிலும் சின்னத் துளை போட்டு அது மேலே ஓடாமல் நிறுத்தி, உள்பக்கம் பட்டை கொடுத்து, அந்தக் குழம்பால் நிரப்பினேன். காற்றோட்டமான இடத்தில், நெருப்பு பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டிய வேலை. நான் போட்ட தப்புத் துளைகளை அடைத்துவிட்டு, பழைய துளைகளில் மாட்டினேன். நான்கும் விரலால் போனது. ஸ்பானர் கடைசிக் கால் சுற்றுக்குத்தான். அந்தப் பேனல் பிறகு பிளக்கவே இல்லை.

மாணவர்களுக்காக இதைக் கொஞ்சம் ஒழுங்காகச் சொல்கிறேன். ஒரு மாடலின் பேனல் இன்னொரு மாடலுக்குப் பொருந்துமா என்றால், அது ஒரு கேள்வி இல்லை, நான்கு கேள்வி.

முதலாவது, உருவம் பொருந்துமா? இதைக் கண் சொல்லும். ரேவாவின் பேனலை இ2ஓவுக்கு யாரும் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் காரின் நீளமே வேறு. ஏமாற்றுவது பக்கத்துப் பக்கத்து மாடல்கள்தான். அண்ணன் சட்டை தம்பிக்கு ஆகும் என்று நினைப்போமே, அது மாதிரி.

இரண்டாவது, பிடிமானம் பொருந்துமா? இதை அளவு சொல்லும். வாங்குவதற்கு முன்னால் துளைக்குத் துளை தூரத்தை ஒரு அட்டையில் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். விற்பவரை அந்தத் தூரத்தைப் போனில் கேளுங்கள். சொல்ல முடியாதவர் 'பொருந்தும்' என்று சொல்லவும் உரிமை இல்லாதவர். பொருந்தாவிட்டால், பேனல் தப்பா சட்டம் தப்பா என்பதை மறுபக்கத்தை வைத்து முதலில் தீர்மானியுங்கள். காருக்கு இரண்டு பக்கம் இருப்பது நமக்குக் கிடைத்த இலவச டிராயிங்.

மூன்றாவது, அசைவு பொருந்துமா? வெப்ப இடைவெளி, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் டயருக்கு இடைவெளி, நான்கு பேர் ஏறி ஸ்பிரிங் அமுங்கினால் இடைவெளி. நிற்கிற காரில் பொருந்துவது ஓடுகிற காரில் பொருந்த வேண்டும் என்று இல்லை.

நான்காவது, வேலை பொருந்துமா? பழைய மட்கார்டின் வேலை சேற்றைத் தடுப்பது. இப்போது வரும் கார்களில் பம்பருக்குப் பின்னால் பார்க்கிங் சென்சார், சிலவற்றில் ரேடார்கூட இருக்கிறது. ரேடாருக்கு முன்னால் கனமாகப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் அதன் கண்ணை மறைத்த மாதிரி. 2020இல் வந்த நெக்ஸான் மின்சாரக் கார் 2023லேயே முகம் மாறி வந்துவிட்டது. புது முகத்தைப் பழைய காருக்கு மாட்டிக் காட்ட ஆசைப்படுகிற பையன்கள் என் பட்டறைக்கு வருகிறார்கள். விளக்கு, வயர், சென்சார், உள்ளே இருக்கும் சட்டம் எல்லாம் அதோடு சேர்ந்தது என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்புகிறேன்.

ஃபைபர் பேனல் செய்து தருகிறோம் என்பவர்களிடமும் ஒரு வார்த்தை. பழைய பேனல் மேலேயே அச்சு எடுத்தால் அதன் கோணல், வீக்கம் எல்லாம் அச்சில் ஏறும். ரெசின் இறுகும்போது சுருங்கவும் செய்யும். நகலுக்கு நகல் எடுத்தால் மூன்றாவது நகல் யாருக்கும் பொருந்தாது. செய்து விற்பதாக இருந்தால் வடிவப் பதிவு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நம் நாட்டுச் சட்டப்படி அது அதிகபட்சம் பதினைந்து வருஷம் நிற்கும்.

முடிவுக்கு வருகிறேன். நீலகிரி எஞ்சின்களைச் சொன்னேனே, அவை முதலில் சுவிட்சர்லாந்தில் விண்டர்தூர் நகரத்தில் செய்தவை. 1914இலிருந்து வந்தவை. அதே எக்ஸ் வகுப்பில் எண்ணெயில் ஓடும் புது எஞ்சினை 2011இல் பொன்மலையிலேயே செய்தார்கள். 2021இல் நிலக்கரியில் ஓடும் ஒன்றையும் செய்து அனுப்பினார்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய எஞ்சினை இன்றைக்குச் செய்ய முடிகிறது. பதினெட்டு வருஷ வம்சத்துக் காருக்கு ஒரு மட்கார்டு கிடைக்கவில்லை. ஏன்? பட்டறையில் அளவும் கேஜும் கைப்பழக்கமும் ஒரு தலைமுறை இன்னொரு தலைமுறைக்குக் கொடுத்தது. நம் தெருவில் ஓடும் கார்களுக்கு அப்படிக் கொடுப்பவர் யாரும் இல்லை. இன்று புத்தம் புதிதாக நிற்கும் மின்சாரக் கார்களும் பதினைந்து வருஷம் கழித்து டீச்சரின் கார் நின்ற இடத்தில்தான் நிற்கும். மோட்டார் ஓடும், பாட்டரி மாற்றலாம், ஒரு பிளாஸ்டிக் துண்டு இல்லாமல் காயலான் கடைக்குப் போகும்.

அதனால் பேச்சோடு ஒரு பொருளும் கொண்டு வந்திருக்கிறேன். டீச்சர் காரின் முன் மட்கார்டு இரண்டுக்கும், அதைப் பிடிக்கும் பிராக்கெட்டுகளுக்கும் முழு அளவு வரைபடம் இது. கையால் வரைந்தது, கோடு கொஞ்சம் நடுங்கியிருக்கும், அளவு நடுங்கவில்லை. இதை இயந்திரவியல் துறைத் தலைவரிடம் கொடுக்கிறேன். ஆய்வகத்தில் ஒரு அலமாரி ஒதுக்குங்கள். வருஷத்துக்கு ஒரு குழு மாணவர்கள், நின்றுபோன ஒரு வண்டியின் ஒரு பாகத்தை அளந்து வரைந்து அதில் வைக்கட்டும். அலமாரிச் செலவை எங்கள் 1983 செட் ஏற்றுக்கொள்கிறது. தோழர்களைக் கேட்காமலே சொல்லிவிட்டேன், மத்தியானச் சாப்பாடு நன்றாக இருந்ததால் யாரும் எழுந்து மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

நாளைக்கு யாராவது உங்களிடம் 'பொருந்தும் சார்' என்றால், டீச்சர் என்னைக் கேட்டதை நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.